கிட்டங்கிக் கல்வியும் பட்டக் கல்வியும்

கோலாலம்பூர், கிள்ளான் தமிழர் வாணிகம் கற்ற வரலாறு

வாணிகத்தின் சிறப்பைத் தமிழ் நூல்கள் பலபடப் பேசுகின்றன. திருக்குறளில் நடுவுநிலைமை என்னும் அதிகாரம் வணிகருக்குரிய அறத்தையும் எடுத்துரைக்கிறது. வாங்குவதிலும் விற்பதிலும் அளவு தவறாத காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் பட்டினப்பாலை போற்றுகிறது. ஆயினும் அவ்வணிகர் தம் தொழிலை யாரிடம் கற்றனர், எத்தனை ஆண்டு கற்றனர், கணக்கெழுதும் முறையை எவ்வாறு பயின்றனர் என்று தேடினால் நமக்குக் கிடைப்பது மிகச் சிறிதே. பொருள் ஈட்டியவர் புகழ் நின்றது. பொருளீட்டக் கற்ற வரலாறு எழுதப்படவில்லை.

இன்று கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் பள்ளிப் படிப்பை முடித்த தமிழ் மாணவர் பலர் வணிக நிருவாகப் பட்டப் படிப்பில் சேருகின்றனர். ‘கடை வைப்பதற்குப் பட்டம் எதற்கு?’ என்று பாட்டனார் கேட்பதும், ‘பட்டம் இல்லாமல் வேலை எங்கே தாத்தா?’ என்று பேரப்பிள்ளை விடை கூறுவதும் இல்லந்தோறும் கேட்கக் கூடியவை. இருவர் கூற்றிலும் உண்மை உண்டு. இருவரும் அறியாத வரலாறும் ஒன்று உண்டு. இப்பள்ளத்தாக்கில் தமிழர் வாணிகம் கற்ற வழிகள் பல. ஒவ்வொரு வழியையும் நோக்கி மூன்று வினாக்களை நாம் எழுப்புவோம். அக்கல்வி எந்த மொழியில் நடந்தது? அதன் வாயில் யாருக்குத் திறந்திருந்தது? கற்றவர் கணக்கைத் தம் கையால் எழுதிப் பழகினரா? இம்மூன்றுக்கும் விடை கண்டால் இன்றைய பட்டத்தில் நாம் பெற்றது எது, விட்டது எது என்பது விளங்கும்.

குழுவாகச் சென்ற வணிகர்

மலாயாத் தீபகற்பத்துடன் தமிழர் கொண்ட வாணிகத் தொடர்பு பழமையானது. தீபகற்பத்தின் வடபாலுள்ள தாக்குவாபாவில் கிடைத்த ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, ஒரு குளத்தையும் மணிக்கிராமத்தாரையும் குறிப்பிடுகிறது. சுமத்திராவின் பாருஸ் பகுதியில் கிடைத்த 1088 ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு, திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினரைச் சுட்டுகிறது. கடல் கடந்த ஊரில் குளத்தைக் காவலில் ஏற்கவும், தீர்மானங்களைக் கல்லில் பொறிக்கவும் வல்ல குழுவுக்குக் கணக்கும் ஒழுங்கும் வழிவழி கற்பிக்கும் முறையும் இருந்திருக்க வேண்டும். அதன் விவரம் நமக்கு எட்டவில்லை. பிற்காலத்தில் நகரத்தார் அமைத்த கிட்டங்கிகளின் நடைமுறையோ நன்கு தெரிந்த ஒன்று. ஆதலின் அங்கிருந்தே நம் ஆராய்ச்சியைத் தொடங்குவோம்.

கிட்டங்கி என்னும் கல்விக்கூடம்

செட்டிநாட்டு நகரத்தார் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகிய துறைகளில் வட்டித்தொழில் நடத்தினர். ஈயச் சுரங்கங்கள் பெருகியபோது உள்நாட்டுக்கும் வந்தனர். கோலாலம்பூரில் லெபோ அம்பாங் என இன்று வழங்கும் தெரு அவர்களுடைய இருப்பிடமாயிற்று. கிட்டங்கி என்னும் சொல்லுக்குப் பண்டகசாலை என்பது பொருள். நகரத்தார் வழக்கில் அது தொழிலகத்தையும் உறைவிடத்தையும் ஒருங்கே குறித்தது. நீண்ட கூடத்தின் இருமருங்கிலும் மரப்பெட்டிகள் வரிசையாக வைக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு பெட்டியும் ஒரு தொழிலகம். ஒரே கூரையின்கீழ்ப் பல விலாசங்கள் தனித்தனியே நடந்தன. விலாசம் என்பது முதலாளியின் குடும்பப் பெயர்களின் முதலெழுத்துகளால் ஆன தொழிற்பெயர். பகலில் கொடுக்கல் வாங்கல் நடந்த கூடத்திலேயே இரவில் பாய் விரித்து உறங்கினர்.

அக்கூடமே பள்ளியும் ஆயிற்று. பையன் முதலில் ஊரில் திண்ணைப் பள்ளியில் எண்சுவடி கற்றான். முந்திரி என்பது முந்நூற்றிருபதில் ஒன்று. காணி என்பது எண்பதில் ஒன்று. மா என்பது இருபதில் ஒன்று. இக்கீழ்வாய் எண்களை மனனம் செய்த பையனுக்கு வட்டிக் கணக்கு எழுதுகோல் இன்றியே வந்தது. காரி நாயனாரின் கணக்கதிகாரம் போன்ற நூல்களில் காணப்படும் கணக்குமரபு இத்தகைய பயிற்சிக்குப் பின்புலமாக நின்றது. பள்ளிப் படிப்பு முடியாத இளவயதிலேயே அவன் ஒரு விலாசத்தில் பெட்டியடிப் பையனாக அமர்ந்தான். பெட்டியின் அருகில் இருந்து ஏவிய வேலைகளைச் செய்பவன் என்பதால் அப்பெயர் வந்தது. கடிதத்தைப் படியெடுப்பதும் பணத்தை எண்ணுவதும் கடன்காரர் வீட்டுக்குச் சென்று தவணையை நினைவூட்டுவதும் அவனுடைய முதற்பாடங்கள்.

சில ஆண்டுகளில் தேர்ச்சி கண்டால் அவன் அடுத்தாள் ஆனான். அடுத்தாள் குறிப்பு எழுதுவான். குறிப்பிலிருந்து பேரேட்டுக்குப் பதிவை ஏற்றுவான். குறிப்பு அன்றன்றைய நடப்பை வரிசைப்படி பதிவது. பேரேடு ஆளுக்கு ஆள், இனத்துக்கு இனம் பிரித்துக் காட்டுவது. ஒருவர் பற்று மற்றொருவர் வரவு என்னும் நெறி பிறழாமல் இரண்டும் ஒத்து வர வேண்டும். இறுதியில் தொகுத்துக் காட்டும் ஐந்தொகையில் முதலாளியின் நிலை தெளிவாகும். அதற்கு மேல் தேர்ந்தவன் மேலாள் அல்லது ஏஜண்டு எனப்பட்டான். கடல் கடந்த ஊரில் முதலாளியின் பணத்தை முழுப்பொறுப்புடன் ஆள்பவன் அவனே. பெரும்பாலும் மூன்று ஆண்டுகளுக்கு ஒரு சம்பளம் பேசப்படும். அதில் ஒரு பகுதி கப்பல் ஏறுமுன்பே கொடுக்கப்படும். தவணை முடிந்ததும் கணக்கை ஒப்புவித்து ஊர் திரும்புவான். அந்த ஐந்தொகையே அவனுக்குத் தேர்வுத்தாள். நேர்மையாகவும் இலாபமாகவும் நடத்தியவனை அடுத்த தவணைக்கு அழைப்பர். கூட்டில் சேர்ந்து முதலாளியாக உயர்ந்தவரும் உண்டு. கணக்கில் பிழைத்தவனுக்கு வேறு விலாசத்திலும் இடம் கிடைப்பது அரிது.

பணத்தின் விலையை மதிப்பிடுவதும் அங்கே கற்பிக்கப்பட்டது. இரங்கூனில் நகரத்தார் மாதந்தோறும் கோயிலில் கூடி அம்மாதத்துக்குரிய நடப்பு வட்டியை முடிவு செய்தனர். தமக்குள் வாங்கிக் கொடுக்கும் பணத்துக்கு அதுவே அளவுகோல். பணப்பெருக்கமும் நெருக்கடியும் கண்டு வட்டியை உயர்த்துவதும் தாழ்த்துவதும் இன்று நடுவண் வங்கிகள் செய்கின்ற வேலை. அடுத்தாள் ஒருவன் அதனைக் கோயில் மண்டபத்தில் கண்ணால் கண்டு கற்றான். இவ்வனுபவத்தின் வளர்ச்சியாகவே 1937 இல் மு. சித. மு. சிதம்பரம் செட்டியார் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைக் காரைக்குடி, சென்னை, இரங்கூன் ஆகிய மூன்றிடங்களிலும் ஒரே நாளில் தொடங்கினார். மலாயாவிலும் அவ்வங்கி விரைவில் கிளை பரப்பியது.

நம் வினாக்களைக் கேட்டால், கிட்டங்கிக் கல்வி முற்றிலும் தமிழில் நடந்தது. கையால் எழுதியே கற்பிக்கப்பட்டது. அதன் வாயிலோ குறுகியது. உறவும் ஊரும் குலமும் அறிந்த பையனே பெட்டியடியில் அமர முடிந்தது. பெண்களுக்கு அங்கே இடமில்லை. ஏஜண்டுகள் குடும்பத்தை ஊரிலேயே விட்டு வந்தனர். தமிழ் முசுலிம் வணிகரின் கடைகளிலும் ஏறக்குறைய இதே முறைதான். ஊர்ப்பையன் கடைக்கு வந்து, கல்லாவுக்கு அருகில் நின்று, தொழில் கற்றுத் தனிக்கடை வைத்தான். நம்பிக்கையே முதலாக நடக்கும் தொழிலில் அறிந்தவரையே சேர்ப்பது இயல்பு. ஆயினும் அந்நம்பிக்கையின் எல்லைக்கு வெளியே நின்ற தமிழர் மிகப் பலர். வட்டித்தொழிலைப் பற்றிய மனக்குறையும் நாட்டில் இருந்தது. பொருளாதார மந்தத்தின்போது அடகு நிலங்கள் கைமாறின. கூட்டு மலாய் மாநிலங்களில் 1913 இல் வந்த மலாய் ஒதுக்கீட்டு நிலச் சட்டமும், 1933 இல் அதற்கு வந்த கடுமையான வடிவமும், 1951 ஆம் ஆண்டு வட்டித்தொழிற் சட்டமும் கிட்டங்கியின் எல்லையைக் குறுக்கின. தொழில் சுருங்கச் சுருங்க அதனோடு கட்டுண்ட கல்வியும் சுருங்கியது.

பிரிக்ஃபீல்ட்ஸ் எழுத்தர் வழி

கிட்டங்கியில் இடம் பெறாத தமிழருக்கு ஆங்கிலப் பள்ளி வேறொரு வழியைக் காட்டியது. கோலாலம்பூர் 1881 இல் தீயாலும் வெள்ளத்தாலும் அழிவுற்றது. அதன்பின் செங்கல்லால் நகரைக் கட்ட முற்பட்டபோது சூளைகள் எழுந்த இடமே பிரிக்ஃபீல்ட்ஸ். கோலாலம்பூருக்கும் கிள்ளான் பகுதிக்கும் இடையே 1886 இல் இருப்புப்பாதை ஓடியது. அதன் பணிமனையும் ஊழியர் குடியிருப்பும் பிரிக்ஃபீல்ட்சில் அமைந்தன. ஆங்கிலம் கற்ற யாழ்ப்பாணத் தமிழர் இரயில்வேயிலும் அரசாங்க அலுவலகங்களிலும் எழுத்தர்களாகவும் கணக்கர்களாகவும் அமர்ந்தனர். 1904 இல் அவர்கள் அங்கே நிறுவிய விவேகானந்த ஆசிரமம் கல்விப் பணியிலும் ஈடுபட்டது. 1893 இல் தோன்றிய விக்டோரியா கல்விக்கூடம், 1897 இல் தோன்றிய மெத்தடிஸ்ட் ஆண்கள் பள்ளி ஆகியவற்றில் அவர்தம் பிள்ளைகள் பயின்றனர்.

எழுத்தராகத் தொடங்கி வணிகராக உயர்ந்தவருக்குக் கா. தம்புசாமிப் பிள்ளை சிறந்த எடுத்துக்காட்டு. சிங்கப்பூரில் பிறந்து, இராபிள்ஸ் கல்விக்கூடத்தில் ஆங்கிலம் கற்று, அரசுக் கருவூலத்தில் பணியாற்றியவர் அவர். பின்னர்ச் சீன வணிகர் லோக் யூவுடன் இணைந்து ரவாங்கில் ஈயச் சுரங்கம் நடத்தினார். சுரங்க நீரை இறைக்க அங்கே மின்சாரம் பயன்பட்டது. விக்டோரியா கல்விக்கூடத்தை நிறுவப் பாடுபட்டவர்களுள் அவரும் ஒருவர். 1902 இல் மறைந்த அவரைக் கோலாலம்பூர் மகாமாரியம்மன் கோயிலின் நிறுவனர் என்றே இன்று பலரும் நினைக்கின்றனர். ஆங்கிலக் கல்வியும் கணக்கறிவும் வணிகத் துணிவும் ஒருவரிடம் சேர்ந்தால் விளைவது என்ன என்பதற்கும் அவர் வாழ்க்கை சான்று.

அவரைப் போன்றவர் சிலரே. பெரும்பாலோர் எழுத்தராகவே ஓய்வு பெற்றனர். மாலை வகுப்புகளில் தட்டெழுத்தும் பிட்மன் சுருக்கெழுத்தும் கணக்குப்பதிவும் கற்று, இலண்டன் வணிகக் கழகத்தின் சான்றிதழைப் பெறுவது இவ்வழியின் உச்சமாகக் கருதப்பட்டது. இங்குக் கையால் எழுதும் பழக்கம் உண்டு. ஆனால் எழுதியது பிறருடைய கணக்கு. எழுதிய மொழி ஆங்கிலம். தம் பேரேட்டைத் தாமே நடத்தும் எண்ணத்தை அப்படிப்பு ஊட்டவில்லை. கிட்டங்கிப் பையன் என்றோ ஒருநாள் முதலாளி ஆவேன் என்று எண்ணிக் கணக்கெழுதினான். அலுவலக எழுத்தரோ என்றோ ஒருநாள் தலைமை எழுத்தர் ஆவேன் என்று எண்ணிக் கணக்கெழுதினார். அரும்பாடுபட்டுக் குடும்பங்களை உயர்த்திய அவர்களைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. இரு பயிற்சிகளும் வெவ்வேறு மனப்பாங்கை வளர்த்தன என்பதே கருதத்தக்கது.

தோட்டத்துப் பிள்ளையின் நிலை

இவ்விரு வழிகளிலும் சேராதவர் தோட்டத் தொழிலாளர். தொகையில் மிகுந்தவரும் அவரே. கங்காணி அழைத்து வர, பால்மரக் காட்டில் குடியேறிய அவர்கள் நாள்தோறும் கணக்கினால் ஆளப்பட்டனர். பெயர் பதியும் செக்ரோல், பால் நிறுக்கும் தராசு, கடைப்பற்று, கங்காணியின் முன்பணம் ஆகிய யாவும் கணக்கே. அவற்றை எழுதியவர் கிராணி, எழுதப்பட்டவர் தொழிலாளி. தம் பெயருக்கு நேரே என்ன எழுதப்பட்டது என்று படித்தறிய வழியில்லாதவருக்கு வணிகக் கல்வி எட்டாக் கனி. 1923 ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டப்படி, பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி அமைக்க வேண்டும். பள்ளிகள் எழுந்தன. ஆனால் அவற்றில் பல, சில வகுப்புகளோடு நின்றன. அதற்கு மேற்பட்ட தமிழ்க் கல்விக்கு ஏணி இல்லை.

இக்குறையைத் தொழிலாளரே உணர்ந்தனர் என்பதற்குக் கிள்ளான் சான்று. 1941 இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரும் வேலைநிறுத்தம் நடந்தது. ஆர். எச். நாதன் அதன் முன்னணியில் நின்றார். சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. துரைக்கும் கிராணிக்கும் முன்னே மிதிவண்டியை விட்டிறங்க வேண்டிய இழிவு நீங்க வேண்டும் என்பதும், கள்ளுக்கடைகள் மூடப்பட வேண்டும் என்பதும் அவர்கள் கோரிக்கைகளே. அந்த வரிசையில், பிள்ளைகளுக்குத் தக்க கல்வி வேண்டும் என்பதும் இடம்பெற்றிருந்தது. நாதன் கைது செய்யப்பட்டார், படையினர் வரவழைக்கப்பட்டனர், துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் சிலர் உயிர் துறந்தனர். கல்வி வேண்டும் என்ற சொல்லும் இரத்தக் கறை படிந்த அக்கோரிக்கைப் பட்டியலில் இருந்தது என்பதைத் தமிழாசிரியர்கள் மறவாதிருத்தல் வேண்டும்.

விடுதலைக்குப் பின் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது, தொழிலாளர் வணிகத்தின் வேறொரு பாடத்தைக் கற்றனர். வீ. தி. சம்பந்தன் 1960 இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். 100 வெள்ளிப் பங்கை மாதம் 10 வெள்ளியாகச் செலுத்தித் தொழிலாளர் உறுப்பினராயினர். 1961 இல் கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் வாங்கப்பட்டது. பங்கு, ஈவு, பொதுக்கூட்டம், கணக்காய்வு என்னும் சொற்கள் லயன் வீடுகளில் தமிழில் ஒலித்தன. நேற்று வரை செக்ரோலில் ஒரு பெயராக இருந்தவர் இன்று தோட்டத்தின் பங்குதாரர். கல்லூரி தராத வணிகக் கல்வி இது. தமிழிலும் நடந்தது, வாயிலும் அகன்றிருந்தது. எனினும் பங்குதாரராவது வேறு, நிருவாகியாவது வேறு. நிருவாகத்தைக் கற்கப் பிள்ளைகள் பல்கலைக்கழகத்தையே நாட வேண்டியிருந்தது.

பட்டம் வந்த வழி

வணிகத்தைப் பல்கலைக்கழகப் பாடமாக்கும் எண்ணம் உலகிலேயே மிகப் பழமையானதன்று. அமெரிக்காவில் பிலடெல்பியா நகரின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில், தொழிலதிபர் ஜோசப் வார்ட்டன் அளித்த கொடையால் 1881 இல் முதல் வணிகப்பள்ளி எழுந்தது. இங்கிலாந்தில் பர்மிங்காம் பல்கலைக்கழகம் 1902 இல் வணிகப்புலத்தைத் தொடங்கியது. சென்னையில் பச்சையப்பன் அறக்கட்டளையினர் 1886 இலேயே வணிகப் பள்ளி ஒன்றை நிறுவினர் என்பது தமிழர்க்குப் பெருமை தரும் செய்தி. பம்பாயில் சிடென்ஹாம் வணிகக் கல்லூரி 1913 இல் தோன்றியது. தொழிற்சாலைகளும் இருப்புப்பாதைகளும் பெருகியபோது, ஒரு குடும்பம் தன் பிள்ளைகளை வைத்து மட்டும் ஆள முடியாத பெருநிறுவனங்கள் எழுந்தன. முதல் போட்டவர் வேறு, ஆள்பவர் வேறு என்னும் நிலை ஏற்பட்டது. சம்பளத்துக்கு ஆளும் நிருவாகிகளைப் பெருந்தொகையில் உருவாக்க வேண்டிய தேவையே இப்பட்டத்தைப் பெற்றது. கடல் கடந்து தொழில் நடத்திய நகரத்தாரும் இதே தேவையை முன்பே உணர்ந்தவர்கள். ஏஜண்டு என்பவர் சம்பளத்துக்கு ஆளும் நிருவாகியே அன்றோ?

மலாயாப் பல்கலைக்கழகம் 1949 இல் சிங்கப்பூரில் பிறந்தது; 1959 முதல் கோலாலம்பூரிலும் இயங்கியது; 1962 இல் தனித்த பல்கலைக்கழகமாயிற்று. 1966 இல் அங்குப் பொருளாதார நிருவாகப் புலம் அமைந்தது. பேராசிரியர் உங்கு அசீஸ் அதன் முதல் தலைவர். அதே 1966 இல், அதே கோலாலம்பூரில், முதல் உலகத் தமிழ் மாநாடு கூடியது. இந்திய ஆய்வியல் துறையின் தலைவராயிருந்த தனிநாயக அடிகள் அதற்குப் பெருந்துணை. தமிழ் ஆய்வும் நிருவாகக் கல்வியும் ஒரே பல்கலைக்கழக வளாகத்தில் ஒரே காலத்தில் தழைத்தன. ஆனால் இரண்டும் ஒன்றையொன்று சந்திக்கவில்லை. பேரேடு என்னும் சொல்லை ஆராயத் தமிழ்த்துறைக்குத் தோன்றியிருக்கலாம்; நிருவாகப் புலத்துக்கு அச்சொல் தேவைப்படவில்லை. வணிகத்துக்கும் கணக்கியலுக்கும் தனிப்புலம் அங்கே 1997 இல் ஏற்பட்டது.

இதற்கிடையே கல்விக்கொள்கை மாறியது. 1971 இல் புதிய பொருளாதாரக் கொள்கை நடைமுறைக்கு வந்தது. அரசுப் பல்கலைக்கழகங்களில் இன அடிப்படையில் இடங்கள் பகுக்கப்பட்டன. 2002 முதல் தகுதி அடிப்படை என்னும் புதுமுறை அறிவிக்கப்பட்டது. 1970 இல் முதலாம் வகுப்பில் தொடங்கிய மலாய்மொழிப் போதனை 1983 இல் பல்கலைக்கழகத்தை எட்டியது. ஆதலின் அரசுப் பல்கலைக்கழகத்தில் வணிகம் கற்ற தமிழ் மாணவர் மலாய் மொழியில் கற்றனர். இடம் கிடைக்காதவர் வெளிநாடு சென்றனர். 1980 இல் பிரித்தானியா அயல்நாட்டு மாணவரிடம் முழுக் கட்டணம் வாங்கத் தொடங்கியதும் அவ்வழியும் நடுத்தரக் குடும்பங்களுக்குக் கடினமாயிற்று.

அக்கட்டணச் சுமையே கிள்ளான் பள்ளத்தாக்கில் புதிய கல்வித்தொழில் ஒன்றைத் தோற்றுவித்தது. முதலிரண்டு ஆண்டுகளை உள்நாட்டிலும் எஞ்சியதை வெளிநாட்டிலும் படிக்கும் இரட்டை ஏற்பாடுகளைத் தனியார் கல்லூரிகள் 1980களில் தொடங்கின. 1996 இல் தனியார் உயர்கல்விச் சட்டம் வந்தது. 1997 இல் நாணய நெருக்கடி வெள்ளியின் மதிப்பைச் சாய்த்தபோது, வெளிநாட்டுப் பட்டத்தை முழுவதும் உள்நாட்டிலேயே பெறும் வாய்ப்பும் உண்டாயிற்று. இக்கல்லூரிகளில் வணிகப் பட்டம் முதன்மை பெற்றமைக்குக் காரணம் எளிது. மருத்துவத்துக்குப் பிணவறையும் பொறியியலுக்குப் பட்டறையும் வேண்டும். வணிகத்துக்கு வகுப்பறையும் நூலகமும் போதும். குறைந்த முதலில் நடத்தக்கூடிய படிப்பு அதுவே. வணிகப் பாடமே ஒரு வணிகமாயிற்று.

கட்டணத்துக்கு வழி தேடியவர்களுக்கு, 1984 இல் தோன்றிய மாஜு கல்வி மேம்பாட்டுக் கழகமும், 1997 இல் தோன்றிய தேசிய உயர்கல்வி நிதிக்கழகமும் கடன் அளித்தன. ஆகவே தமிழ்ப் பிள்ளைகள் பலர் தம் வாழ்வின் முதற்பெரும் கடன் பத்திரத்தில், வணிகம் கற்பதற்காகவே கையெழுத்திட்டனர். வட்டியும் தவணையும் முதலும் என்ன என்பதைப் பாடநூலில் படிக்குமுன் தம் பெயரிலேயே கண்டனர்.

பெற்றதும் விட்டதும்

இன்றைய இளங்கலை வணிக நிருவாகப் பட்டத்துக்கு மலேசியத் தகுதி ஆணையத்தின் அளவைப்படி குறைந்தது 120 பாட அலகுகள் வேண்டும். கணக்கியல், பொருளியல், வணிகச் சட்டம், புள்ளியியல், சந்தையியல், நிதி நிருவாகம், மனிதவள நிருவாகம் ஆகியவற்றோடு, சில மாதத் தொழிற்பயிற்சியும் பெரும்பாலும் சேரும். இதில் நாம் பெற்றது என்ன? வாயில் அகன்றது. கிட்டங்கியின் பெட்டியடியில் அமர முடியாத தோட்டத்துப் பேரன் அமருகிறான். பெட்டியின் பக்கமே வரக் கூடாதென ஒதுக்கப்பட்ட பெண், வகுப்பில் முதலிடம் பெறுகிறாள். குலம் கேட்காத கல்வி, உறவு கேட்காத சான்றிதழ். இஃது எளிய பேறன்று. அறிவின் எல்லையும் விரிந்தது. வட்டித்தொழில் ஒன்றையே அறிந்த கிட்டங்கி, சந்தையையும் சட்டத்தையும் தொழிலாளர் உரிமையையும் கற்பித்ததில்லை.

விட்டது இரண்டு. முதலாவது கைப்பழக்கம். மூன்றாண்டு வகுப்பில் படித்துச் சில மாதம் அலுவலகத்தில் பயிலும் மாணவருக்கும், பல ஆண்டு பேரேட்டோடு வாழ்ந்த அடுத்தாளுக்கும் இடையே இவ்வகையில் பெரிய வேறுபாடு உண்டு. பாட்டனார் கேட்கும் வினாவின் உட்பொருள் இதுவே. இரண்டாவது மொழி. கிட்டங்கி தமிழில் கணக்கெழுதியது. பட்டம் மலாயிலும் ஆங்கிலத்திலும் எழுதுகிறது. அதனால் தமிழ் கணக்குக்குத் தகுதியற்ற மொழியாயிற்றா என்றால், இல்லை. தமிழ்நாட்டு மேல்நிலைப் பள்ளிகளில் கணக்குப்பதிவியல் தமிழில் கற்பிக்கப்படுகிறது. அப்பாடநூலின் பேரேடு கிட்டங்கியின் பேரேடே. குறிப்பேடு என்பது பழைய குறிப்பின் மறுவடிவம். பற்றும் வரவும் அவ்வாறே நின்றன. இலங்கையில் உயர்தர வகுப்பு மாணவர் வணிகத்தையும் கணக்கியலையும் தமிழிலேயே எழுதித் தேறுகின்றனர்; ஐந்தொகை என்னும் சொல் அங்கே இன்றும் வழங்குகிறது. லெபோ அம்பாங்கில் நாள்தோறும் ஒலித்த சொற்கள் மதுரையிலும் யாழ்ப்பாணத்திலும் பாடநூற் சொற்களாக வாழ, அவை ஒலித்த கோலாலம்பூரிலேயே அவற்றை மாணவர் அறியாதிருப்பது வரலாற்றின் விந்தை.

மொழி போனால் போகட்டும், தொழில் வந்தால் போதும் என்பாரும் உளர். மலாயும் ஆங்கிலமும் இந்நாட்டு வணிகத்துக்கு இன்றியமையாதவை. அதில் இருவேறு கருத்தில்லை. ஆயினும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும், பிரிக்ஃபீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையிலும் கடை நடத்தும் தந்தை தமிழில் வாணிகம் செய்கிறார். மகள் ஆங்கிலத்தில் வாணிகம் படிக்கிறாள். தந்தையின் அனுபவம் மகளின் பாடத்தோடு சேர ஒரு பொதுச்சொல் வேண்டாவா? ‘கடன் சரக்கு எவ்வளவு நிலுவை?’ என்று அவர் கேட்பதும், அவள் படித்த பாடத்தில் வருவதும் ஒன்றே என்று உணராதபோது, ஒரே வீட்டில் இரண்டு அறிவுகள் பேசாமல் வாழ்கின்றன. தந்தை பட்டத்தை மதிக்கார். மகள் கடையை மதியாள். கடையும் ஒருநாள் மூடப்படும்.

ஆறாம் ஆண்டுக் கணக்கு

இந்நிலையில் தமிழாசிரியர் செய்யக் கூடியது உண்டா? உண்டு, அவர் கையிலேயே உண்டு. மலேசியத் தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டோடு முடிகிறது. இடைநிலைப் பள்ளியில் தமிழ் ஒரு பாடமாக மட்டும் நிற்கிறது; வணிகமும் கணக்கியலும் மலாயில் நடக்கின்றன. ஆனால் ஆறாம் ஆண்டுக் கணிதப் பாடத்திட்டத்தில் அடக்கவிலை, விற்பனை விலை, இலாபம், நட்டம், கழிவு, பற்றுச்சீட்டு, சொத்து, கடன், வட்டி, இலாப ஈவு, காப்புறுதி ஆகிய யாவும் வருகின்றன. தமிழில் கணிதம் கற்பிக்கப்படும் பள்ளிகளில் இவை தமிழிலேயே கற்பிக்கப்படுகின்றன. இந்நாட்டுப் பள்ளிக் கல்வியில் தமிழில் எஞ்சி நிற்கும் வணிகக் கல்வி இச்சில பக்கங்களே. 2003 முதல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்டபோது இப்பக்கங்களும் தமிழை இழந்தன. அத்திட்டத்தைக் கைவிட 2009 இல் முடிவாயிற்று. 2016 முதல் வந்த இருமொழித் திட்டத்தில் சேர்ந்த பள்ளிகளில் மீண்டும் அதே நிலை. எது நன்று என்ற வாதம் ஒருபுறம் இருக்கட்டும். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குத் தமிழில் வட்டிக் கணக்கு கற்பிக்கும் ஆசிரியர் வெறும் கூட்டல் கழித்தலைக் கற்பிக்கவில்லை என்பதை மட்டும் நினைவிற் கொள்வோம்.

அவ்வகுப்பில் ஒரு சிறு குறிப்பேட்டைக் கொடுத்து, வீட்டு வரவு செலவை ஒரு மாதம் எழுதச் செய்யலாம். பற்று இது, வரவு இது, இருப்பு இது என்று மாணவன் தன் கையால் எழுதட்டும். அருகிலுள்ள மளிகைக் கடைக்காரரை வகுப்புக்கு அழைத்துக் கொள்முதலைப் பற்றிப் பேசச் செய்யலாம். தோட்டத்தில் பங்கு வாங்கிய பாட்டியின் கூட்டுறவுச் சங்கப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொல்லலாம். இடைநிலைப் பள்ளித் தமிழாசிரியர் ஒரு பாடவேளையில் பேரேடு, ஐந்தொகை, நடப்பு வட்டி ஆகிய சொற்களின் வரலாற்றைக் கூறலாம். இதற்குப் புதுச் சட்டம் வேண்டா. புதுப் பாடநூலும் வேண்டா.

கிட்டங்கியின் வாயில் மீண்டும் திறக்கப் போவதில்லை. திறக்க வேண்டும் என்பதும் நம் விருப்பமன்று. லெபோ அம்பாங்கின் மரப்பெட்டிகள் போன இடத்துக்கு அதன் குலவேலியும் போகட்டும். ஆனால் பெட்டியோடு பேரேட்டையும், பேரேட்டோடு அதன் சொல்லையும் கைவிட வேண்டிய தேவை இல்லை. பட்டம் தந்த திறந்த வாயிலும், கிட்டங்கி தந்த கைப்பழக்கமும், இரண்டையும் இணைக்கும் தாய்மொழியும் ஒருங்கே அமையும் நாளில், பாட்டனாருக்கும் பேரப்பிள்ளைக்கும் இடையே வழக்கிருக்காது. அந்நாளை அணுகச் செய்யும் முதற்படி பல்கலைக்கழகத்தில் இல்லை. ஆறாம் ஆண்டு வகுப்பறையில் இருக்கிறது. ஆசிரியப் பெருமக்கள் சிந்திப்பார்களாக.